‘கூகுளில் போட்டாச்சு’ என்பவர்களுக்கு

“வீடியோ கசெற் எல்லாத்தையும் கூகுளில போட்டாச்சு, இனிப் பயமில்லை.” டென்மார்க்கில் ரண்டர்ஸ், ஹேர்னிங், ஹோல்ஸ்டபுரோ என்று எந்த ஊர்த் தமிழ் வீட்டில் பழைய கசெற் பேச்சு எடுத்தாலும் இந்த வசனத்தில்தான் வந்து முடிகிறது. கடையில் கொடுத்து மாற்றினார்கள். யூஎஸ்பி குச்சியில் வாங்கிவந்தார்கள். கூகுள் கணக்கில் ஏற்றினார்கள். கசெற்றுகளைக் குப்பைக்கு அனுப்பினார்கள். வீட்டிலேயே ஒரு சின்னச் சேர்வர் வைத்துச் சேமியுங்கள் என்று யாராவது சொன்னால், அவருக்கு ஏதோ பிடித்துவிட்டது என்பதுபோலப் பார்க்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. பரவலாக இருப்பதால் ஆபத்தும்கூட.

அவர்கள் பக்க நியாயத்தை முதலில் குறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். பெரிய நிறுவனங்கள் ஒரு கோப்பைப் பல இடங்களில் பல கொப்பிகளாக வைத்திருக்கின்றன. வீட்டில் அப்படி வைக்க முடியாது. வீடு தீப்பிடிக்கலாம், கள்ளன் வரலாம், ஹார்ட் டிஸ்க் பழுதாகலாம். கூகுளில் இருந்தால் டொரொண்டோவில் இருக்கும் தங்கச்சியும் யாழ்ப்பாணத்தில் இருக்கும் பெரியப்பாவும் ஒரு இணைப்பை அழுத்திப் பார்க்கலாம். சேர்வர் என்றால் காசு, கரண்ட், தலையிடி; நுட்பம் தெரிந்தவருக்குத்தான் சரிவரும். கடைசியாக, வாய்விட்டுச் சொல்லாத நியாயம் ஒன்று: இந்தப் பழைய கசெற்றுகளை இனி யார் பார்க்கப்போகிறார்கள்?

இவற்றில் ஒன்றுகூட முட்டாள்தனமான பேச்சல்ல. ஆனால் ஒவ்வொன்றும் உரசிப் பார்த்தால் உதிர்கிறது.

1. ‘அவ்வளவு பெரிய நிறுவனம் அழியுமா?’

நிறுவனம் அழியத் தேவையில்லை. விதியை மாற்றினாலே போதும். இலவச இணையப் பக்கங்கள் தந்த ஜியோசிட்டீஸை யாஹூ 2009இல் மூடியபோது யாஹூ அழியவில்லை. தமிழின் தொடக்ககால இணையப் பக்கங்களில் பல அதோடு போயின. மைக்ரோசொஃப்ட் தன் ஒன்டிரைவில் அளவில்லாமல் சேமிக்கலாம் என்று சொன்னது. 2015இல் அந்த வாக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டது. கூகுள் ஃபோட்டோஸின் அளவில்லா இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1ஆம் திகதியோடு முடிந்தது. அமேசான் டிரைவ் 2023 டிசம்பர் 31ஆம் திகதி மூடப்பட்டது. பன்னிரண்டு வருடங்களாக ஏற்றப்பட்ட பாட்டுகளைத் தொலைத்துவிட்டதாக மைஸ்பேஸ் 2019இல் ஒப்புக்கொண்டது. இவற்றில் ஒன்றுகூடப் பெட்டிக்கடை இல்லை.

இன்னும் கிட்டத்தில் வருவோம். கூகுள் கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது? பெரும்பாலும் அப்பாவின் பெயரில். இரண்டு வருடம் தொடப்படாமல் கிடக்கும் தனிநபர் கணக்கை அழிக்கலாம் என்ற விதியை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. அப்பா காலமானால் அவருடைய டெலிபோன் இலக்கத்தை முதல் மாதமே நிறுத்துகிறோம். கடவுச்சொல்லோடு கேட்கப்படும் இரகசிய இலக்கம் அந்த டெலிபோனுக்குத்தான் போகும். செத்த வீட்டு அலைச்சலிலும் முப்பத்தொன்று, ஆட்டத்திவசம் என்ற ஓட்டத்திலும் அந்தக் கணக்கை யார் திறந்து பார்ப்பார்? தனக்குப் பின் கணக்கு யாரிடம் போகவேண்டும் என்று எழுதிவைக்கும் வசதியை கூகுள் 2013இலிருந்தே கொடுக்கிறது. அதை நிரப்பிவைத்த ஒரு தமிழ் அப்பாவை உங்களுக்குத் தெரியுமா?

காணிக்கு உறுதி எழுதுகிறோம், நகைக்கு லொக்கர் சாவியை ஒப்படைக்கிறோம். அம்மாவின் குரல் இருக்கும் ஒரே கோப்பை மட்டும், எந்த நேரமும் விதி மாறக்கூடிய ஒரு கணக்கில் விட்டுவைக்கிறோம்.

2. ‘அங்கே தொழில் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’

டென்மார்க்கில் இருந்துகொண்டே இதைச் சொல்பவர்களுக்கு கிளவுட்நோர்டிக் என்ற பெயர் நினைவில் இருக்கவேண்டும். தொழில் தெரிந்தவர்கள் நடத்திய டேனிஷ் நிறுவனம் அது. 2023 ஓகஸ்ட் 18ஆம் திகதி கப்பம் கேட்கும் கும்பல் உள்ளே புகுந்து, வாடிக்கையாளரின் தரவை மட்டுமல்ல, அவற்றின் முதல் காப்புக் கொப்பியையும் இரண்டாம் காப்புக் கொப்பியையும் சேர்த்துப் பூட்டிவிட்டது. பெரும்பாலான வாடிக்கையாளர்கள் எல்லாவற்றையும் இழந்துவிட்டார்கள் என்று நிறுவனமே அறிவித்தது. ஒரு தரவு மையத்திலிருந்து இன்னொன்றுக்குச் சேர்வர்களை மாற்றும்போது, ஏற்கெனவே தொற்று இருந்த இயந்திரங்கள் உள்வலையில் இணைக்கப்பட்டதே காரணம். கொப்பிகள் பல இருந்தன. அத்தனையும் ஒரே வாசலின் உள்ளே இருந்தன.

2021 மார்ச் 10ஆம் திகதி பிரான்ஸின் ஸ்திராஸ்பூரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று எரிந்து தீர்ந்தது. 2025 செப்டெம்பர் 26ஆம் திகதி தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தரவு மையம் எரிந்தபோது, அரச ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் போயின. அவற்றுக்கு வெளியே கொப்பி இருக்கவில்லை. இதற்கு எதிர்ப்பக்கமாக, 2024 மே மாதம் அவுஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் தனிக் கிளவுட் சந்தாவை கூகுள் கிளவுட் தவறுதலாக அழித்துவிட்டது. அந்த நிதியம் தப்பியது, வேறொரு நிறுவனத்திடம் இன்னொரு கொப்பி வைத்திருந்ததால்.

நான்கு சம்பவங்களும் ஒரே விதியைத்தான் சொல்கின்றன. ஓரிடம் எவ்வளவு பலமானது என்பதல்ல கேள்வி. ஒன்றோடொன்று தொடர்பில்லாத எத்தனை இடங்களில் இருக்கிறது என்பதே கேள்வி. இது எங்களுக்குப் புதிய பாடமுமல்ல. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. வேறிடத்தில் பிரதி இருந்த நூல்களைப் பிறகு தேடி வாங்க முடிந்தது. வேறெங்கும் பிரதியில்லாத ஏட்டுச் சுவடிகளுக்கு அந்த வழி இருக்கவில்லை. அந்த நெருப்பைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த சமூகம், தன் வீட்டு ஆவணத்தை ஒரே ஓரிடத்தில் வைத்துவிட்டு ‘பயமில்லை’ என்று சொல்வது எனக்கு விளங்கவில்லை.

3. ‘யூடியூபில் மறைவாகப் போட்டுவிட்டால் இலவசம்தானே?’

இலவசம்தான். ஆனால் கசெற்றில் என்ன இருக்கிறது என்று ஒருதரம் யோசியுங்கள்.

தொண்ணூறுகளின் கலியாண வீடியோ எதையும் போட்டுப் பாருங்கள். தாலி கட்டும்போது நாதஸ்வரம். அது முடிந்ததும் எடிட்டிங் செய்தவர் ஒட்டிய இளையராஜா பாட்டு, பிறகு ரகுமான் பாட்டு. அடுத்தவர் உரிமையுள்ள இசையைத் தானாகவே கண்டுபிடிக்கும் பொறியை யூடியூப் 2007இலிருந்து ஓட்டுகிறது. அதற்கு உங்கள் அக்காவின் கலியாணம் தெரியாது, பாட்டு மட்டும் தெரியும். ஒலியை அடக்கலாம், அல்லது வீடியோவையே தடுக்கலாம். பாட்டுக்குக் கீழே மெல்லக் கேட்கும் அப்பாச்சியின் பேச்சும் அதோடு அடங்கும்.

அடுத்தது, சாமத்திய வீடு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பாலறுகு வைத்துத் தண்ணீர் வார்க்கும் காட்சி இல்லாத ஈழத்தமிழர் கசெற்றுப் பெட்டி அரிது. அந்தப் பிள்ளைக்கு இன்று நாற்பது வயது தாண்டியிருக்கும். டேனிஷ் ஆஸ்பத்திரியிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை செய்வாள். தன் ஈரச்சேலைக் காட்சி அமெரிக்க நிறுவனமொன்றின் இயந்திரத்துக்குள் இருக்கவேண்டுமா என்று அவளை யாராவது கேட்டார்களா? ‘மறைவு’ என்று போட்ட இணைப்பு ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போனால் மறைவு அங்கேயே முடிந்தது.

இயந்திரம் வேறு பிழையும் விடும். சான்பிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, மருத்துவருக்குக் காட்டத் தன் குழந்தையின் உடலில் இருந்த வீக்கத்தைப் படமெடுத்தார். கூகுளின் பொறி அதைக் குற்றப்படம் என்று எடுத்துக்கொண்டது. அவருடைய கணக்கு முழுவதும் முடக்கப்பட்டது. பொலிஸ் விசாரித்து அவரில் குற்றமில்லை என்ற பிறகும் கணக்கு திரும்பி வரவில்லை. 2022இல் நியூயோர்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தி இது. முற்றத்தில் வாளியில் குளிக்கும் குழந்தை எங்கள் கசெற் ஒவ்வொன்றிலும் இருக்கிறது. தொண்ணூறுகளின் மண்டபக் கலைவிழாக்களில் மேடைக்குப் பின்னால் தெரியும் கொடியும் இருக்கிறது. விடுதலைப் புலிகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது 2006இல். அதற்கு முந்திய விழாவில் உங்கள் மகள் ஆடிய நடனத்தைப் பற்றி ஒரு பொறி என்ன முடிவெடுக்கும் என்று உறுதி சொல்ல ஆளில்லை. அந்த முடிவுக்கு மேன்முறையீடு செய்யலாம்; ஆனால் அது வெல்லும் என்ற உறுதி இல்லை.

தரமும் போகிறது. டென்மார்க்கிலும் இலங்கையிலும் இந்தியாவிலும் கசெற் பதிவானது பால் முறையில்: 625 வரிகள், நொடிக்கு 25 படம், ஒவ்வொரு படமும் இரண்டு பாதிகளாக. நொடிக்கு 50 அசைவுத் தருணங்கள் அதில் இருக்கின்றன. யூடியூப் ஏற்றியதை அப்படியே பரிமாறுவதில்லை. தன் வசதிக்கு மறுபடி சுருக்குகிறது. ஏற்கெனவே மங்கிய படம் இன்னும் மங்கும்.

4. ‘சேர்வர் என்றால் செலவு’

எவ்வளவு செலவு? கணக்கைப் போட்டுவிட்டுப் பேசுவோம்.

முப்பது கசெற் என்று வையுங்கள். மேலே ஈ-180 என்று எழுதியிருந்தால் 180 நிமிடம். எல்லாம் நிரம்பியிருந்தாலும் 90 மணித்தியாலம். இழப்பில்லாத முறையில் பதிந்தால் மணித்தியாலத்துக்குச் சுமார் 30 ஜிகாபைட், ஆக 2.7 டெராபைட். பிள்ளைகள் டெலிவிஷனில் பார்ப்பதற்கென்று சுருக்கிய கொப்பி மணிக்கு 2 ஜிகாபைட் வீதம் 180 ஜிகாபைட். மொத்தம் மூன்று டெராபைட்டுக்குள். மினிடிவி கசெற்றுகள் இருந்தால் அவை மணிக்கு 13 ஜிகாபைட்தான்.

கூகுளின் 2 டெராபைட் திட்டம் அமெரிக்க விலையில் மாதம் 9.99 டொலர். பத்து வருடத்துக்குக் கிட்டத்தட்ட 1,200 டொலர். அதிலும் மூலப்பதிவு அடங்காது. சுருக்கியதை மட்டும்தான் வைக்கலாம். வாடகைக்கு ஏற்றபடி உங்கள் நினைவுகளின் தரம் தீர்மானிக்கப்படுகிறது. கட்டுவதை நிறுத்தினால் புதிதாக ஒன்றும் ஏற்ற முடியாது. நீண்டநாள் கட்டாமல் விட்டால் இருப்பதும் போகலாம்.

சேர்வர்? விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத ஆயிரக்கணக்கான அலுவலகக் கணினிகளை நிறுவனங்கள் கழிக்கின்றன. டெல் ஒப்டிபிளெக்ஸ், லெனோவோ திங்க்சென்டர், எச்பி எலைட்டெஸ்க் என்ற பெயர்களில் ஆறாம் ஏழாம் தலைமுறை இன்டெல் இயந்திரங்கள் டிபிஏ போன்ற பாவித்த சாமான் விற்கும் தளங்களில் சில நூறு குரோனருக்குக் கிடைக்கின்றன. வீடியோக் கோப்பு வைப்பதற்கு அதுவே தாராளம். கைப்பிடிக்குள் அடங்கும் குட்டிப் பெட்டியை வாங்காதீர்கள்; இரண்டு பெரிய டிஸ்க் உள்ளே பூட்டக்கூடிய டவரை வாங்குங்கள். செலவின் பெரும்பகுதி டிஸ்குக்குத்தான் போகவேண்டும்: 4 டெராபைட்டில் இரண்டு, புதிதாக. வாங்கும்போது பதிவுமுறை சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா என்று கேளுங்கள்; வேண்டியது சிஎம்ஆர். வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசை டிஸ்குகள் சிலவற்றில் மந்தமான எஸ்எம்ஆர் முறையைச் சொல்லாமல் போட்டிருந்தது 2020இல் வெளிவந்து பெரிய சச்சரவானது.

கரண்ட்? டென்மார்க்கில் அது பெரிய செலவு என்ற பயம் நியாயமானது. சராசரியாக 15 வாட் எடுக்கும் பெட்டி என்று வைத்தால், வருடம் முழுக்க ஓடினால் 131 யூனிட். யூனிட் இரண்டரை குரோனர் என்று வைத்தால் வருடம் 330 குரோனருக்குள். அதுவும் வேண்டாமென்றால் இரவும் பகலும் ஓடவிடத் தேவையில்லை. இது வங்கி அல்ல. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டால் போதும்.

5. ‘அப்படியென்றால் ஒரு யூஎஸ்பி டிஸ்கில் போட்டு அலுமாரியில் வைக்கிறேன்’

இது கூகுள் பக்தியின் மறுமுகம். அலுமாரி டிஸ்கின் கேடு அது பழுதாவது மட்டுமல்ல, பழுதானது தெரியாமல் இருப்பது. ஐந்து வருடம் கழித்து எடுத்துச் செருகும் நாளில்தான் அது ஓடவில்லை என்று தெரியவரும். ஓடினாலும், ஒரு கோப்பின் நடுவில் சில துணுக்குகள் கெட்டிருந்தால் டிஸ்க் வாய் திறக்காது. வீடியோ நாற்பதாவது நிமிடத்தில் சிதறும். அதுவரை யாருக்கும் தெரியாது.

சேர்வர் வேண்டும் என்பதற்கு உண்மைக் காரணம் இதுதான், இடவசதி அல்ல. இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறை ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைத் தனியாக எழுதிவைக்கிறது. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் வாசித்து எண்ணோடு ஒப்பிடச் சொல்லலாம். இரண்டு டிஸ்கிலும் ஒரே பதிவை வைத்தால், ஒன்றில் துண்டு கெட்டிருக்கும்போது மற்றதிலிருந்து நல்லதை எடுத்துத் தானே திருத்திக்கொள்ளும். எங்கே பிழை என்று உங்களுக்கு அறிவிக்கும். அலுமாரி டிஸ்க் உறங்குகிறது. சேர்வர் காவல் பார்க்கிறது.

இங்கே சேர்வர் ஆர்வலர்களுக்கும் ஒரு அடி கொடுக்கவேண்டும். இரட்டை டிஸ்க் என்பது காப்புக் கொப்பி அல்ல. மருமகன் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டு டிஸ்கிலும் ஒரே நொடியில் அழியும். பெட்டி தீயில் போனால் இரண்டும் சேர்ந்து போகும். 2022இல் டெட்போல்ட் என்ற கப்பக் கும்பல், இணையத்துக்கு நேரே திறந்துவைத்திருந்த கியூநேப் வீட்டுச் சேமிப்புப் பெட்டிகளைத்தான் குறிவைத்தது. ஆகவே பெட்டியை இணையத்துக்குத் திறக்கவேண்டாம். வெளியிலிருந்து பார்க்கவேண்டுமென்றால் வயர்கார்ட் போன்ற மூடிய பாதையால் வாருங்கள். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் மூன்றாவது டிஸ்கில் எழுதி, வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் கொடுத்துவையுங்கள்.

ரண்டர்ஸ்காரருக்கு இன்னொன்று. டென்மார்க்கின் மிக நீளமான ஆறான கூதெனோ, ஃபியோர்டில் போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது உங்கள் நகரம். புயல் வந்தால் ஃபியோர்டின் தண்ணீர் நகரத்தை நோக்கி ஏறும். கசெற் பெட்டியையும் சேர்வரையும் நிலக்கீழ் அறையில் வைப்பது டேனிஷ் வீடுகளின் வழக்கம். அந்த வழக்கத்தை இதில் விடுங்கள். வெள்ளம் வராவிட்டாலும் ஈரம் வரும். கசெற்றின் கண்ணாடிச் சன்னலால் பாருங்கள்: கறுப்பு நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளை மாவு பூசியதுபோல் இருந்தால் அது பூஞ்சணம். அதை டெக்கில் போட்டால் தலை அழுக்காகும், அடுத்த கசெற்றுக்கும் தொற்றும். அப்படிப்பட்டதைத் தனியாக எடுத்துவைத்து, துப்புரவாக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

6. ‘எங்களுக்கு இந்த நுட்பம் தெரியாது’

மன்னிக்கவேண்டும், இதை ஏற்கமுடியாது. தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில், பொருளாதாரத் தடைக்கு நடுவே, மண்ணெண்ணெயில் ஜெனரேட்டரை ஓடவைத்து முற்றத்தில் டெலிவிஷனும் டெக்கும் வைத்து விடிய விடியப் படம் பார்த்த சனம் நாங்கள். அந்தச் சனத்தின் பிள்ளைகள் இன்று டென்மார்க்கில் பொறியியலாளர்கள். சேர்வரை ஓட்டும் ட்ரூநாஸ் என்ற மென்பொருள் இலவசம், ஒரு குச்சியில் இறக்கிப் பதியலாம். டெலிவிஷனில் படங்களை அடுக்கிக் காட்டும் ஜெலிஃபின் இலவசம். ஒரு சனிக்கிழமை மகனோ மருமகளோ உட்கார்ந்தால் முடிகிற வேலை.

கடினமான வேலை சேர்வர் அல்ல, கசெற். 180 நிமிடக் கசெற்றைப் பதிய 180 நிமிடம் வேண்டும். அதற்குக் குறுக்குவழி கிடையாது. கடைசியாக விஎச்எஸ் டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்றிருக்கும் டெக் எல்லாம் பாவித்தவை, ஒவ்வொன்றாய்ச் சாகின்றன. காந்தநாடாக்களைக் காப்பாற்றும் காலம் முடிகிறது என்று யுனெஸ்கோ 2019இலேயே எச்சரித்து உலகளாவிய கணக்கெடுப்பு நடத்தியது. டொரொண்டோவிலிருந்து வந்த கசெற் உங்கள் டெக்கில் நிறமில்லாமல் உருண்டால் அது பழுதல்ல. கனடாவின் என்டிஎஸ்சி முறை 525 வரி, நொடிக்கு ஏறக்குறைய 30 படம். அதற்கேற்ற டெக்கில் போட்டு, அந்த முறையிலேயே பதியவேண்டும். இவையெல்லாம் கவனம் கேட்கும் வேலைகள். நுட்பம் தெரியாது என்பவர்கள் இந்தக் கடினத்தைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு, அவர் சுருக்கித் தந்த கொப்பியை வாங்கிக்கொண்டு, மூலக் கசெற்றைத் தூக்கி எறிகிறார்கள். பதிந்தபின்னும் கசெற்றை எறியாதீர்கள். நாளை இன்னும் நன்றாகப் பதியலாம். எறிந்ததை எந்தச் சேர்வரும் மீட்டுத்தராது.

டென்மார்க் அரசாங்கமே இந்தத் திசையில் யோசிக்கத் தொடங்கிவிட்டது. 2025 ஜூனில் டிஜிட்டல் விவகார அமைச்சு மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸிலிருந்து திறமூல லிப்ரே ஒஃபிஸுக்கு மாறப்போவதாக அறிவித்தது. ஒரு அமைச்சு தன் கடிதங்களுக்கு அந்நிய நிறுவனமொன்றை முழுதாய் நம்பத் தயங்கும்போது, நீங்கள் தாயின் முகத்துக்கு அதை நம்புகிறீர்கள்.

7. ‘இதை இனி யார் பார்க்கப்போகிறார்கள்?’

இதுதான் அடியில் கிடக்கும் வாதம். மற்றவை எல்லாம் இதற்குப் போட்ட போர்வை. இதற்கு டென்மார்க்கின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

1987இல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் மனைவியரும் பிள்ளைகளும் வந்து சேருவதற்கான விண்ணப்பங்களைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கிடப்பில் போடச் செய்தார். சட்டப்படி உரிமையிருந்தும் மனைவி பிள்ளைகள் போருக்குள் கிடந்தார்கள்; கணவன்மார் யூட்லாந்தின் ஊர்களில் தனியே காத்திருந்தார்கள். விசாரணை அறிக்கை வெளிவந்த 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். 1995இல் சிறப்பு நீதிமன்றம் நின்-ஹான்சனைக் குற்றவாளி என்று தீர்த்து, நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. டேனிஷ் அரசியல் நூல்களில் இது ‘தமிழர் வழக்கு’ என்றே பெயர் பெற்றது.

அமைச்சரின் குறிப்புகளும் அதிகாரிகளின் கடிதங்களும் விசாரணை அறிக்கையும் அரசிடம் பத்திரமாக இருக்கின்றன. காத்திருந்தவர்களின் பக்கம் எங்கே இருக்கிறது? கொழும்பிலிருந்து ஆள் கையில் கொடுத்தனுப்பிய கசெற்றில் இருக்கிறது. தகப்பன் பார்த்திராத பிள்ளை கமராவைப் பார்த்து ‘அப்பா’ என்று சொல்லும் இடத்தில் இருக்கிறது. போகமுடியாத செத்த வீட்டை இங்கே நாலு பேர் கூடி இருந்து டெக்கில் போட்டுப் பார்த்த அந்த நாடாவில் இருக்கிறது. பத்தாயிரத்தைத் தாண்டிய ஒரு சமூகம் இந்த நாட்டுக்கு வந்து வேரூன்றிய கதைக்கு வேறு படச்சான்று அதிகம் கிடையாது. யார் பார்ப்பார்கள் என்று இன்று தீர்மானிக்க நாங்கள் யார்? 2005இல் நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் துண்டுப்பிரசுரங்களையும் மின்வடிவாக்கத் தொடங்கியபோதும் இதே கேள்வி கேட்கப்படக்கூடியதுதான். இன்று ஈழத்தைப் பற்றி ஆய்வு செய்பவர் அந்தத் தளத்தைத் திறக்காமல் எழுதமுடியாது.

ஆனால் பார்ப்பவருக்கு விளங்கவேண்டும் என்றால் பெயர் வேண்டும். கோப்புக்கு ‘வீடியோ 34’ என்று பெயரிட்டு எங்கே போட்டாலும் அது செத்த கோப்பு. எந்த ஊர், எந்த வருடம், யாருடைய கலியாணம், பந்தலின் இடப்பக்கம் சிவப்புச் சேலையோடு நிற்பது யார் என்று கோப்பின் பக்கத்திலேயே ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் தமிழில் எழுதிவையுங்கள். கூகுளின் முகமறியும் பொறிக்கு முகம் தெரியும். அவர் கொக்குவில் பெரியம்மா என்பதும், அவர் ஏன் அந்தக் கலியாணத்துக்குக் கோபித்துக்கொண்டு பிந்தி வந்தார் என்பதும் தெரியாது. அது தெரிந்தவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது.

ஆக, என் முடிவு இது. கூகுளை மூடச் சொல்லவில்லை. அது மூன்றாம் இடமாக, கோப்புகளைப் பூட்டி ஏற்றும் இடமாக இருக்கட்டும். முதலிடம் உங்கள் வீட்டில், மேல்மாடியில், நீங்கள் திறந்து மூடக்கூடிய பெட்டியில் இருக்கவேண்டும். இரண்டாமிடம் வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் இருக்கவேண்டும். பெட்டியின் கடவுச்சொல் இளையவர் இருவரின் கையில் எழுத்தில் இருக்கவேண்டும்.

இன்னும் ஒன்று. வரிசைப்படி பதியப் போகாதீர்கள். உங்கள் குடும்பத்தில் மூத்தவர் யார் என்று பாருங்கள். அவர் முகங்களுக்குப் பெயர் சொல்லக்கூடிய கசெற்றை முதலில் எடுத்து, அவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு ஓடவிடுங்கள். சேர்வரை அடுத்த மாதமும் வாங்கலாம்.